வயிற்றுப் புண்: குற்றவாளி யார்?

சேலம் ஜில்லாவில் கஞ்சமலைக்கு அருகே இளம்பிள்ளை என்னும் ஊர் இருக்கிறது. சேலை வாங்கப் பழகிய தமிழ்ப் பெண்மணிகளுக்கு அவ்வூரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்பு கைத்தறியாலும் பின்பு விசைத்தறியாலும் பிழைத்து, நெசவினாலேயே பெயர் பெற்ற ஊர் அது. அண்மையில் ஒரு காரியமாக அங்கே சென்றிருந்த நாம், ஒரு நெசவாளியின் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர நேர்ந்தது. அவர் ஐம்பது வயதை இன்னும் எட்டாதவர். பேசிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே சென்று ஒரு தகர டப்பாவைக் கொணர்ந்தார். அதில் ஒரு பக்கம் வயிற்றெரிச்சலை அடக்கும் மாத்திரைகள். மறு பக்கம் தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் விழுங்கும் மாத்திரைகள். முதல் வகையில் ஒன்றை வாயிலிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அவர் நம்மிடம் சொன்னார்:

"பதினோரு வருஷமா அல்சருங்க ஐயா. காரத்தை விட்டாச்சுங்க, டீயைக் கொறைச்சாச்சுங்க. நேரத்துக்குச் சோறு உண்ணாமத் தறியிலேயே கெடந்த பாவம், அனுபவிச்சுத்தானே ஆகோணும்?"

வயிற்றில் கிருமி இருக்கிறதாவென்று யாரேனும் சோதித்தார்களா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "வயித்துல கிருமியாங்க? நான் கண்டது தின்னு வந்ததில்லைங்க இது" என்றார்.

அந்தச் சிரிப்பு நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில், அவர் தம்முடைய பாவமென்று எண்ணிப் பதினோரு ஆண்டுகளாகச் சுமந்துவரும் நோய், பெரும்பாலும் ஒரு தொற்று நோய் என்பதும், கிருமியே காரணமானால் பதினான்கு நாள் மருந்தில் அதை வேரறுக்கக் கூடும் என்பதும் உலகம் அறிந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. அக்கண்டுபிடிப்புக்கு 2005ல் நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. ஆயினும் அந்தச் செய்தி இன்னும் தறிக் கொட்டகைக்குள் நுழையவில்லை. அதை நுழையச் செய்வது பத்திரிகைகளின் கடமை என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

வயிற்றுப் புண்ணுக்கு உணவே காரணம் என்னும் எண்ணம் பாமரருடைய எண்ணம் மாத்திரமன்று. பெரிய வைத்தியர்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதினார்கள். தென்னாட்டிலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1922ல் எவரெஸ்டுச் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயர் குழுவில் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். மலையிலிருந்து திரும்பியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்ததும் இப்பொழுது நமது கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ளதுமான நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வைத்தியர் ஓய்வின்றி உழைப்பதையும், சிகிச்சைக்காக ஏழை ஜனங்கள் கூட்டங் கூட்டமாகக் காத்துக் கிடப்பதையும் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த பெருவாழ்வை உதறிவிட்டு அந்த ஆஸ்பத்திரியிலேயே ஊழியத்துக்கு அமர்ந்துவிட்டார். அவருடைய கத்திக்கு அங்கே பெரும் வேலை கொடுத்த நோய் முன்சிறுகுடற் புண். இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துத் தைக்கும் அறுவையை அவரும் அவருடைய சகாக்களும் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். தென்கோடியில் ஒரு சிறு ஊரிலிருந்த ஆஸ்பத்திரி, அந்நோயைப் பற்றிய அனுபவத்தில் உலகப் பிரசித்தி பெற்றது.

இத்தனை பேருக்கு ஏன் இந்நோய் வருகிறது? மரவள்ளிக் கிழங்கையும், சத்தில்லாத அரிசியையும், மிதமிஞ்சிய காரத்தையும் பலர் சுட்டிக் காட்டினார்கள். குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திவந்த ராபர்ட் மக்காரிஸன் இதனை எலிகளிடத்தில் சோதித்துப் பார்த்தார். 1931ல் அவர் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு வயிற்றுப் புண் வந்தது. சென்னை ராஜதானி ஏழைகளின் உணவைத் தின்றவற்றில் சுமார் பத்தில் ஒன்றுக்கு வந்தது. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்றவற்றுக்கோ புண் வரவேயில்லை.

மேல்நாட்டிலும் வாதம் இதைப் போன்றதாகவே இருந்தது. அமிலம் சுரக்காத வயிற்றில் புண் தோன்றாது என்று 1910ல் ஸ்வார்ஸ் என்ற வைத்தியர் ஒரு விதியை வகுத்தார். 1915 முதல் சிக்காகோ நகரத்து சிப்பி என்பவர், மணிக்கு மணி பாலும் பாலேடும் கொடுத்து அமிலத்தைத் தணிக்கும் பத்தியத்தைப் பரப்பினார். பால் அப்போதைக்கு எரிச்சலைத் தணித்தாலும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டவே செய்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. இவற்றுடன் கவலை, கோபம், அவசர வாழ்வு ஆகியவையும் குற்றப் பத்திரிகையில் சேர்க்கப்பட்டன. ஆகவே நோயாளி சத்தற்ற உணவை உண்ட ஏழையாகவோ, மனத்தை அடக்கத் தெரியாத கோபக்காரராகவோ இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்விதத்திலும் குற்றம் அவருடையதே!

நியாயஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்று கூற விரும்புகிறோம். ஒரு குற்றம் நடந்த இடத்தில் எப்போதும் காணப்படுகிறவனே குற்றவாளி என்று தீர்மானிப்பது சந்தர்ப்ப சாட்சியத்தின் மிகப் பெரிய அபாயம். முன்சிறுகுடற் புண் உள்ளவருக்கு வயிறு காலியாயிருக்கும்போதும் நள்ளிரவிலும் வலிக்கும்; ஏதேனும் உண்டால் சிறிது தணியும். பசியும் வலியும் இவ்வாறு சேர்ந்தே வருவதால், பசிதான் புண்ணை உண்டாக்கிற்று என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் பசி வலியை எழுப்பியதேயன்றிப் புண்ணை எழுப்பவில்லை. நோயின் அடையாளத்தை நோயின் காரணமாகக் கொண்ட பிழை அது. மிளகாயின் கதையும் அத்தகையதே. முன்னமே இருக்கும் புண்ணில் காரம் எரிச்சலைத் தரலாம். ஆனால் புண்ணைப் படைப்பது மிளகாயன்று.

உண்மைக் குற்றவாளி அகப்பட்ட விதம் சுவையானது. அமிலம் நிறைந்த இரைப்பையில் எக்கிருமியும் வாழ முடியாது என்பது வைத்தியக் கல்லூரிகளில் வேதவாக்காக இருந்தது. 1954ல் அமெரிக்காவில் பாமர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் தசையைச் சோதித்துக் கிருமி எதுவும் காணோம் என்று அறிவித்தார். அவர் உபயோகித்த சாயம் அக்கிருமியைக் காட்ட வல்லதன்று என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கிரேக்க நாட்டில் லைகூடிஸ் என்ற ஒரு சாதாரண வைத்தியர், 1958 முதல் வயிற்றுப் புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. 1968ல் வைத்தியர் சபையார் விதித்த அபராதமே.

1979ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்து ராயல் ஆஸ்பத்திரியில், ராபின் வாரன் என்ற நோய்க்கூற்று நிபுணர், அழற்சி கண்ட இரைப்பைத் தசையில் வளைந்த வடிவமுள்ள நுண்ணுயிர்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். வெள்ளி கலந்த சாயம் ஏற்றிப் பார்த்தபோது அவை தெளிவாகத் துலங்கின. சகாக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1981ல் பாரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவருடன் சேர்ந்தார். இருவரும் நூறு நோயாளிகளைச் சோதித்தனர். அக்கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கச் செய்த முயற்சிகள் முதலில் வீணாயின. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டை எறிந்துவிடுவது வழக்கமாயிருந்ததே காரணம். 1982ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி முளைத்திருந்தது! சோதிக்கப்பட்டோரில் முன்சிறுகுடற் புண் இருந்த 13 பேரிடத்தும் அக்கிருமி இருந்தது.

அப்படியும் உலகம் நம்பவில்லை. புண் உள்ள இடத்தில் கிருமி பின்னால் வந்து குடியேறியிருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1984ல் மார்ஷல் அதற்குத் தம் உடம்பாலேயே விடை கூறினார். முதலில் தம் இரைப்பை பழுதற்றது என்று சோதனையால் உறுதி செய்துகொண்டு, வளர்த்த கிருமியை ஒரு குவளை நீரில் கலந்து குடித்தார். சில நாளில் வாய் நாறிற்று, வாந்தி கண்டது. பத்து நாட்களுக்குள் மீண்டும் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி கண்டிருந்தது. அதிலே கிருமியும் இருந்தது. அழற்சிக்குக் கிருமியே காரணம் என்பது இதனால் நிச்சயமாயிற்று. புண்ணுக்கும் அதுவே காரணம் என்பதைப் பின்வந்த ஆண்டுகளின் சிகிச்சைகள் நிரூபித்தன. அமிலத்தை மாத்திரம் அடக்கினால் புண் ஆறும்; மாத்திரையை நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குத் திரும்பவும் வரும். கிருமியை ஒழித்தவர்களுக்கோ அது திரும்புவது அரிதாயிற்று. 1989ல் அக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயரிட்டார்கள்.

அது எவ்வாறு அமிலக் கடலில் உயிர் வாழ்கிறது? ஒரு மில்லிமீட்டரை முந்நூறு கூறாக்கினால் ஒரு கூறின் நீளந்தான் அதன் நீளம். திருகு போன்ற உடலும், ஒரு முனையில் சாட்டை போன்ற சில இழைகளும் உண்டு. நம் உடம்பில் இயல்பாக உள்ள யூரியா என்னும் பொருளை அது ஒரு நொதியால் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கும். இவ்வாறு தன்னைச் சுற்றி ஒரு சிறு கவசத்தைக் கட்டிக்கொண்டு, இரைப்பைச் சுவரைக் காக்கும் கொழகொழப்பான படலத்தைத் திருகாணி போல் துளைத்து உட்சென்று, அமிலம் எட்டாத அடியில் தங்கி விடுகிறது. வயிற்றின் காவற்படலத்தையே தன் கோட்டையாகக் கொள்ளும் சூழ்ச்சி அது.

அங்கிருந்துகொண்டு அது செய்யும் அழிவு இரு வகைப்பட்டது. கிருமியின் சில இனங்கள் ஊசி போன்ற ஓர் உறுப்பால் நம் உயிரணுக்களுக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தி அவற்றின் ஒழுங்கைக் குலைக்கின்றன. வேறொரு நஞ்சு உயிரணுக்களில் குழிகளை உண்டாக்குகிறது. இவற்றை எதிர்க்க நம் உடம்பு அனுப்பும் வெள்ளணுக்கள் கிருமியை விரட்ட இயலாமல் ஆண்டுக்கணக்காகப் போரிடுகின்றன. போர்க்களமாவது நம் இரைப்பைதான். அழற்சி இரைப்பையின் கீழ்வாயிலருகே மிகுந்தால், அமிலச் சுரப்பைப் போதும் என்று நிறுத்தும் கட்டளை தளர்ந்து, அமிலம் அளவு மீறிச் சுரந்து, அடுத்துள்ள முன்சிறுகுடலை அரித்துப் புண்ணாக்குகிறது. அழற்சி இரைப்பையின் மேற்பாகம் முழுவதும் பரவினால், அமிலம் சுரக்கும் சுரப்பிகளே நாளடைவில் நசித்துப் போகின்றன. பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு அவ்விடத்தில் புற்றுநோய் முளைக்கிறது. இது பற்றியே 1994ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை, இக்கிருமியைப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இவ்வளவும் படித்த நேயர்கள் அஞ்சிவிடக் கூடாது. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எவ்வித நோயும் தோன்றுவதில்லை. புண் வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு. புற்றுநோய் வருவது நூற்றில் ஓரிருவருக்கு. ஆயின், கிருமி உள்ளவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர் என்று பார்க்கும்போதுதான் இச்சிறு பங்கு பெருந்தொகையாகிறது. 1991ல் ஐதராபாத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில் சோதிக்கப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கினரிடம் கிருமியின் அடையாளம் காணப்பட்டது. வாழ்க்கை வசதிகள் பெருகப் பெருக இது குறைந்து வருகிறதெனினும், இன்றும் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் இதைச் சுமப்பவர்களே. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்தே இது தொற்றுகிறது. வாய் வழியாகவும், வாந்தி வழியாகவும், மலத்தால் அசுத்தமான கை வழியாகவும் நீர் வழியாகவும் பரவுகிறது. ஒரே அறையில் தறியும் சமையலும் படுக்கையுமாக வாழும் குடும்பங்களில் இது எளிதிற் பரவுவது வியப்பன்று. ஆகவே இளம்பிள்ளை நண்பர் தறிக்குழியில் இறங்கும் முன்னரே, தாய் மடியில் தவழ்ந்த காலத்திலேயே, இக்கிருமி அவர் வயிற்றில் குடியேறியிருத்தல் கூடும். நேரத்துக்கு உண்ணாத குற்றத்தை அவர்மீது சுமத்துவது என்ன நியாயம்?

அப்படியானால் சோமர்வெல்லும் மக்காரிஸனும் கண்டது பொய்யா? அன்று. கிருமி நாடெங்கும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பரவியிருந்தும், கோதுமை உண்ணும் பஞ்சாபை விட அரிசி உண்ணும் தென்னாட்டில் புண் மிகுந்திருந்தது. மைசூரில் பல ஆண்டு பணியாற்றிய பிராங்க் டோவி என்ற சத்திர வைத்தியர் இவ்வேற்றுமையை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். புற்றுநோயிலும் இப்படியே. கிருமியின் பரவலை நோக்க இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் பொதுவாகக் குறைவு. ஆனால் புகையிலைப் புகையூட்டிய நீரை வாயில் அடக்கும் பழக்கமும் புகையிட்ட இறைச்சியுணவும் உள்ள மிஸோராமில் அது நாட்டிலேயே மிக அதிகம். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியார் நடத்தும் சென்னைப் பதிவேட்டிலும், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் நின்று வந்திருக்கிறது. ஆகவே உணவும் புகையிலையும் அதிக உப்பும் முழு நிரபராதிகளல்ல. அவை உடந்தையாளர்கள். உடந்தையாளரைத் தண்டித்து முதற் குற்றவாளியை விட்டுவிட்டதே இதுவரை நடந்த அநீதி.

மற்றொரு குற்றவாளியும் உண்டு; அது அந்தத் தகர டப்பாவின் மறு பக்கத்தில் இருந்தது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகள் இரைப்பையின் காவற்படலத்தை மெலியச் செய்து, தாமாகவே புண்ணை உண்டாக்க வல்லவை. கிருமி உள்ள வயிற்றில் அவை சேர்ந்தால் அபாயம் இரட்டிக்கும்; புண்ணிலிருந்து இரத்தம் கசியவும் நேரும். நாள் முழுவதும் தறியோடு மல்லாடும் மனிதருக்குத் தோள் வலிக்காமல் இராது. அவர் மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கிறார், கொடுக்கிறார்கள். அது வயிற்றை எரிக்கிறது, எரிச்சல் மாத்திரை கேட்கிறார், அதையும் கொடுக்கிறார்கள். ஒரு கையால் தீயை மூட்டி மறு கையால் நீர் தெளிக்கும் இந்த வியாபாரத்தில் நோயாளியின் கூலி கரைகிறதேயன்றி நோய் கரைவதில்லை.

இனிச் செய்யவேண்டியது யாது? அடிக்கடி மேல்வயிறு வலிக்கிறவர், புண்ணென்று முன்பு சொல்லப்பட்டவர், பல மாதமாக எரிச்சல் மாத்திரையை விடமுடியாதவர் ஆகியோர் கிருமி இருக்கிறதாவென்று வைத்தியரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் குழாய் விழுங்க வேண்டியதில்லை. யூரியா கலந்த நீரைக் குடித்துவிட்டு மூச்சை ஊதிக் காட்டும் சோதனையும், மலச் சோதனையும் போதிய நம்பிக்கைக்கு உரியவை. முன்னதில் கிருமி யூரியாவைச் சிதைப்பதே மூச்சிற் புலப்பட்டு அதைக் காட்டிக் கொடுக்கிறது. சோதனைக்கு இரண்டு வாரம் முன்னதாக அமிலத்தை அடக்கும் மாத்திரையையும், நான்கு வாரம் முன்னதாகக் கிருமிக்கொல்லி மருந்துகளையும் வைத்தியர் சொற்படி நிறுத்த வேண்டும். இல்லாவிடில் கிருமி இருந்தும் இல்லையென்று வரும். ஆனால் வயது முதிர்ந்தபின் புதிதாக வயிற்று வலி தொடங்கியவர்களும், தார் போன்ற கரிய மலம், இரத்த வாந்தி, காரணமில்லா இளைப்பு, இரத்தச் சோகை, விழுங்குவதில் தடை ஆகியவற்றுள் எதையேனும் கண்டவர்களும் ஒரு நாளும் தாமதியாது குழாய்ச் சோதனைக்குச் செல்ல வேண்டும். எரிச்சல் மாத்திரை புற்றுநோயின் வலியையும் சில காலம் மறைத்துவிடும் என்பதை நாம் வற்புறுத்திச் சொல்லுகிறோம்.

கிருமி இருப்பது தெரிந்தால், அமிலத்தை அடக்கும் ஒரு மருந்தோடு இரண்டு கிருமிக்கொல்லிகளை, சில முறைகளில் பிஸ்மத் என்னும் மருந்தையும் கூட்டி, பெரும்பாலும் பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து வாயைக் கசக்கச் செய்யலாம், வயிற்றைப் புரட்டலாம். நான்காம் நாள் வலி நின்றுவிட்டதென்று மருந்தை நிறுத்துகிறவர் தமக்கும் ஊருக்கும் தீமை செய்கிறார். எஞ்சிய கிருமி அம்மருந்தை வெல்லக் கற்றுக்கொள்கிறது. நம் நாட்டில் மெட்ரானிடஸோல் என்ற மருந்து பல இடங்களில் இக்கிருமியிடம் பலிப்பதில்லை; கிளாரித்ரோமைஸின் என்பதும் வலுவிழந்து வருகிறது. 2017ல் உலக சுகாதார ஸ்தாபனம், புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. ஆகவே கடையில் தாமாக வாங்கி விழுங்குவது கூடவே கூடாது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் சென்றபின் மறுபடி சோதித்துக் கிருமி ஒழிந்ததை உறுதி செய்துகொண்டால்தான் சிகிச்சை பூர்த்தியாகும்.

தனி மனிதர் கடமை இவ்வளவு. சர்க்காரின் கடமையும் உண்டு. தைவானைச் சேர்ந்த மாட்ஸு தீவுகளில் 2004 முதல் வயது வந்தோரையெல்லாம் மூச்சுச் சோதனைக்கு அழைத்து, கிருமி உள்ளவர்களுக்கு மருந்தளித்தார்கள். அங்கே எதிர்பார்க்கத்தக்க இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஜப்பான் 2013 முதல், கிருமியால் இரைப்பை அழற்சி கண்ட எவருக்கும் இச்சிகிச்சையின் செலவை அரசு இன்ஷ்யூரன்ஸில் சேர்த்தது. பாதிப்பேருக்குக் கிருமி உள்ள பெருநாட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பது சாத்தியமுமன்று, விவேகமுமன்று; அவ்வளவு கிருமிக்கொல்லியை இறைத்தால் மருந்துகளே பயனற்றுப் போகும். ஆயின் வலியோடு வருகிறவரையேனும் சோதிக்காமல் விடுவதற்கு என்ன சமாதானம் உண்டு? தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டு செல்ல முடியும் என்று காட்டியிருக்கிறது. சேலம் நகரத்திலேயே அரசாங்க மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் போகத் தயங்கும் நெசவாளிக்காக, மூச்சுச் சோதனையையோ மலச் சோதனையையோ தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு வருவது அரசாங்கத்தால் ஆகாத காரியமன்று. தறிச் சொந்தக்காரர்களின் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆண்டுக்கொரு முறை இதற்கென முகாம் நடத்தச் செய்யலாம். இவை யாவற்றுக்கும் அடிப்படையாக, சுத்தமான குடிநீரும், ஒவ்வொரு வீட்டுக்கும் கக்கூஸும், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் வேண்டும். மேல்நாடுகளில் இக்கிருமி குன்றியதற்கு மருந்தைவிட இவையே பெருங் காரணம்.

கஞ்சமலையைப் பற்றி ஒரு கதை சொல்லுவதுண்டு. சித்தர் ஒருவருக்குச் சோறு சமைத்தவர், கையில் அகப்பட்ட ஒரு குச்சியால் பானையைக் கிளற, சோறு கறுத்துவிட்டதாம். பயந்துபோய் அச்சோற்றைத் தாமே உண்டுவிட, முதுமை நீங்கி இளம்பிள்ளை ஆனாராம். ஊரின் பெயருக்கு அதையே காரணமாகச் சொல்லுகிறார்கள். அந்த மூலிகைக் குச்சி இன்று எங்கே கிடைக்கும் என்று நமக்குத் தெரியாது. பதினான்கு நாள் மருந்து கிடைக்கும் இடம் தெரியும். அது முதுமையைப் போக்காது. பதினோரு ஆண்டு வலியைப் போக்கக்கூடும்.

விடைபெறும்போது இவ்விஷயங்களை நாம் அந்த நெசவாளி நண்பரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப இது நான் பண்ண தப்பில்லைங்களா ஐயா?" என்று மாத்திரம் கேட்டார். இல்லை என்று அழுத்தமாகச் சொன்னோம். இதைப் படிக்கும் நேயர்களும் தத்தம் வீட்டில், தெருவில், தறிக் கொட்டகையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கேனும் அதே பதிலைச் சொல்லிச் சோதனைக்கு அழைத்துச் செல்வார்களாக.